நித்தியகல்யாணியின் மருந்தியல் வரலாறு: மொன்றியல் ஆய்வுகளும் தமிழ்நிலத்தின் பங்கும்

முன்னுரை

தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லி என்றும், ஈழத்தில் பட்டிப்பூ என்றும் வழங்கப்பெறும் செடி கோவில் நந்தவனத்திலும் வீட்டு முற்றத்திலும் கல்லறை ஓரத்திலும் ஒருங்கே காணப்படுவது. ஆண்டு முழுவதும் பூப்பது. கால்நடைகள் விரும்பி உண்ணாதது. நீர் ஊற்றுவார் இன்றியும் மணலிலும் சுவர்ப்பிளவிலும் தானே முளைப்பது. இச்செடியின் இலையிலிருந்து பெறப்படும் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் ஆகிய இரண்டு சேர்மங்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் புற்றுநோய் மருத்துவத்தில் பயன்பட்டு வருகின்றன. உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இரண்டும் இடம்பெற்றுள்ளன.

இம்மருந்துகளைப் பற்றித் தமிழில் வழங்கும் செய்திகளில் ஒன்றற்கொன்று முரணான இரு கூற்றுகள் தொடர்ந்து இடம்பெறுகின்றன. சித்தர்கள் இதனைப் பண்டே அறிந்திருந்தனர் என்பது ஒன்று. மேலைநாட்டு ஆய்வுக்கூடம் எவர் துணையும் இன்றித் தானே கண்டது என்பது மற்றொன்று. இரண்டும் வரலாற்றுச் சான்றுகளுக்குப் பொருந்துவன அல்ல. நாட்டு வழக்கு, ஆய்வுக்கூடம், பயிரிடும் நிலம் என்னும் மூன்றும் இம்மருந்தின் வரலாற்றில் பங்கு கொண்டுள்ளன. அவற்றுள் தமிழ்நிலத்துக்கு உரிய பங்கு எது என்பதை வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மொன்றியல் நகரம் இவ்வரலாற்றில் மூன்று வேறு காலங்களில், மூன்று வேறு வகைகளில் தொடர்புறுவதால், அந்நகரை மையமாகக் கொண்டு செய்திகள் முறைப்படுத்தப்படுகின்றன.

1. செடியின் பிறப்பிடமும் பெயர்களும்

நித்தியகல்யாணியின் இயற்கைப் பிறப்பிடம் மடகாஸ்கர் தீவு. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அத்தீவில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த எத்தியேன் டி பிளாக்கூர் தம் நூலில் இச்செடியைக் குறித்துள்ளார். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சிலும் இலண்டன் செல்சியிலும் இருந்த தோட்டங்களில் இது வளர்க்கப்பெற்றது. 1759இல் லின்னேயசு இதற்கு வின்கா ரோசியா எனப் பெயரிட்டார். 1837இல் ஜோர்ஜ் டொன் இதனைக் கேத்தராந்தஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தார். இன்றைய அறிவியற் பெயர் கேத்தராந்தஸ் ரோசியஸ் என்பதாகும். எனினும் மருந்துகளின் பெயரில் பழைய 'வின்கா' இன்றும் நிலைத்திருக்கிறது.

ஐரோப்பியத் தோட்டங்களிலிருந்தும் கடல்வழி வணிகத்தாலும் அழகுச்செடியாகப் பரவிய இது, வெப்பமண்டல நாடுகளில் தோட்ட வேலியைத் தாண்டிக் காட்டுச்செடியாக நிலைகொண்டது. ஜமேக்கா, பிலிப்பைன்ஸ், இலங்கை, தமிழ்நாடு ஆகிய இடங்களில் இது வந்தேறிய செடியே. ஆகவே பழந்தமிழ் இலக்கியம் கூறும் பூக்களுள் இதனைத் தேடுவதில் பயனில்லை. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களுள் எதனையும் இச்செடியோடு பொருத்துதல் இயலாது. பழஞ்சித்தர் பெயரால் வழங்கும் புற்றுநோய்த் தீர்வாக இதனைக் காட்டுவதும் காலமுரண் ஆகும்.

அதேவேளை, வந்த செடிக்கு மக்கள் இட்ட பெயர்கள் கவனத்துக்கு உரியன. இடையறாது பூப்பதால் 'என்றும் மங்கலமானவள்' எனப் பொருள்படும் பெயர் ஒருபுறம் அமைந்தது. எவரும் பேணாத இடத்திலும் மலர்வதால் இடுகாட்டுப் பெயர் மறுபுறம் அமைந்தது. மங்கலமும் அமங்கலமும் ஒரே செடியின் மேல் ஏறியமை, அது தமிழர் வாழிடத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்குச் சான்றாகும்.

2. மொன்றியலில் உருவான ஆய்வு மரபு

இச்செடியின் மருந்தியல் வரலாறு இன்சுலின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. 1921–22இல் ரொறன்ரோவில் இன்சுலின் கண்டறியப்பட்டபோது, மனிதருக்குச் செலுத்தத்தக்க அளவுக்கு அதனைத் தூய்மைப்படுத்தியவர் ஜேம்ஸ் கொலிப். அவர் 1928இல் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியற் பேராசிரியரானார். விலங்குத் திசுக்களின் சாறுகளைப் பகுத்து, அவற்றுள் செயற்படும் பொருளைத் தனித்துப் பிரிப்பது அவருடைய ஆய்வுக்கூடத்தின் நெறி. சாற்றைப் பல கூறுகளாகப் பிரித்தல், ஒவ்வொரு கூறையும் விலங்கில் சோதித்தல், செயலுள்ள கூறை மீண்டும் பிரித்தல் என்னும் படிமுறை அங்கு நாள்தோறும் கைக்கொள்ளப்பட்டது.

1930களின் பிற்பகுதியில் இக்குழுவில் இணைந்த மருத்துவர் இராபர்ட் நோபிள் இந்நெறியில் தேர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்பயணக் குமட்டல் பற்றியும், காயத்தால் விளையும் அதிர்ச்சிநிலை பற்றியும் அவர் ஆராய்ந்தார். அதிர்ச்சிநிலையை ஆய்வு விலங்குகளில் அளவறிந்து உண்டாக்குவதற்காக 1942இல் வெளியிடப்பட்ட சுழல் உருளைக் கருவி இன்றும் நோபிள்–கொலிப் உருளை என்றே அறியப்படுகிறது. 1947இல் கொலிப் ஒன்ராறியோ மாகாணத்தின் இலண்டன் நகரிலுள்ள மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழகத்துக்கு மருத்துவப் பீடாதிபதியாகச் சென்றபோது நோபிளும் உடன் சென்றார். செடியின் ஆய்வு நிகழ்ந்தது அந்நகரில். அவ்வாய்வுக்கு வேண்டிய பயிற்சி அமைந்தது மொன்றியலில்.

3. இருபத்தைந்து இலைகள்

இராபர்ட் நோபிளின் தமையனார் கிளார்க் நோபிளும் மருத்துவரே. 1921இல் பான்டிங்கின் உதவியாளராகும் வாய்ப்பு அவருக்கும் சார்ல்ஸ் பெஸ்ட்டுக்கும் இடையே நாணயம் சுண்டித் தீர்மானிக்கப்பட்டது என்பர். அது பெஸ்ட்டுக்கு வாய்த்தது. பின்னர் வெளியான இன்சுலின் ஆய்வுக்கட்டுரைகள் சிலவற்றில் கிளார்க் நோபிளின் பெயரும் உண்டு. 1952இல் ஜமேக்காவிலிருந்த அவருடைய நோயாளி ஒருவர் 25 இலைகளை ஓர் உறையில் இட்டு அவருக்கு அனுப்பினார். இன்சுலின் கிடைக்காத வேளைகளில் அங்குள்ளோர் இவ்விலையை ஊறவைத்துத் தேநீராகப் பருகி நீரிழிவைக் கட்டுப்படுத்துவதாகக் கூறப்பட்டது. கிளார்க் அவ்விலைகளைத் தம்பிக்கு அனுப்பிவைத்தார்.

சோதனையின் முதல் விளைவு ஏமாற்றமே. இலைச்சாற்றை வாய்வழி அளித்தபோது விலங்குகளின் குருதிச் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. சாற்றைக் குருதிநாளத்தில் செலுத்தியபோது விலங்குகள் சில நாட்களுள் இறந்தன. நாட்டு வழக்கு பொய்த்தது, சாறும் நச்சுடையது என்று கூறி ஆய்வை அத்துடன் முடித்திருக்கலாம். நோபிளும் அவருடன் பணியாற்றியவர்களும் இறப்புக்கான காரணத்தைத் தேடினர். விலங்குகள் நுண்ணுயிர்த் தொற்றால் இறந்திருந்தன. தொற்றை எதிர்க்க வேண்டிய வெண்குருதிக் கலங்கள் பெரிதும் குறைந்திருந்தன. அவற்றைப் பிறப்பிக்கும் எலும்பு மச்சை ஒடுங்கியிருந்தது. வெண்குருதிக் கலங்கள் அளவிறந்து பெருகுவதே குருதிப் புற்றுநோய் ஆதலின், அவற்றைக் குறைக்கும் நஞ்சே மருந்தாகவும் கூடும் என்னும் கருத்து இவ்விடத்தில் எழுந்தது.

1954இல் வேதியியலர் சார்ல்ஸ் பியர் குழுவில் சேர்ந்தார். ஜமேக்காவிலிருந்து பெற்ற இலைகளோடு ஒன்ராறியோவில் வளர்க்கப்பட்ட செடிகளின் இலைகளும் பயன்பட்டன. அலுமினா நிரப்பிய குழாய்வழிச் சாற்றைச் செலுத்திப் பகுக்கும் முறையால் செயலுள்ள கூறு படிப்படியாகத் தனித்துப் பெறப்பட்டது. 1958இல் நோபிள், பியர், கட்ஸ் ஆகியோர் அதனை வின்காலியூக்கோபிளாஸ்டின் என்னும் பெயரில் நியூயோர்க் அறிவியற் கழகத்தில் அறிவித்தனர். அதன் சுருங்கிய பெயரே வின்பிளாஸ்டின்.

இதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் சுவபோடாவும் இர்விங் ஜோன்சனும் இச்செடியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அவர்களை இதன்பால் ஈர்த்ததும் நீரிழிவு பற்றிய நாட்டு வழக்கே. அது பிலிப்பைன்ஸ் தீவுகளின் வழக்கு. செடிச்சாறு குருதிப் புற்றுநோய் கண்ட எலிகளின் வாழ்நாளை நீட்டியது. அக்குழு பிரித்த மற்றொரு சேர்மமே வின்கிறிஸ்டின். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1963இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. வின்பிளாஸ்டின் நோயாளிகளுக்கு அளிக்கப்பட்ட தொடக்கப் பதிவுகளுள் ஒன்று ரொறன்ரோவின் பிரின்சஸ் மார்கரெட் மருத்துவமனையிலிருந்து 1960இல் வெளிவந்தது.

இவ்விரு கண்டுபிடிப்புகளும் கற்பிப்பது நுட்பமானது. மக்கள் வழக்கு எந்த நோயைக் குறித்ததோ அந்நோய்க்கு மருந்து கிடைக்கவில்லை. ஆயினும் அவ்வழக்கு இல்லையேல் எண்ணற்ற செடிகளுள் இச்செடியை எவரும் எடுத்திருக்க மாட்டார். வழக்காறு ஆய்வாளரைச் செடியிடம் கொண்டுசேர்த்தது. செடியின் இயல்பைச் சோதனை காட்டியது.

4. சேர்மங்களின் அமைப்பும் செயலும்

நித்தியகல்யாணியில் 130க்கும் மேற்பட்ட இந்தோல் வகை அல்கலாய்டுகள் இதுவரை அடையாளம் காணப்பட்டுள்ளன. வேரில் அஜ்மலிசின், செர்பென்டின் முதலியன உள்ளன. அஜ்மலிசின் குருதியோட்டக் குறைபாடுகளுக்கான மருந்துகளில் பயன்படுவது. இலையில் மிகுதியாக உள்ளவை கேத்தராந்தின், விண்டோலின் என்னும் இரண்டு சேர்மங்கள். இவ்விரண்டும் இணைந்து உருவாகும் இரட்டை மூலக்கூறே வின்பிளாஸ்டின். அதன் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 811. வின்கிறிஸ்டினின் நிறை ஏறத்தாழ 825. வின்பிளாஸ்டினில் நைதரசன் அணு ஒன்றோடு இணைந்துள்ள மெதைல் தொகுதிக்குப் பதிலாக வின்கிறிஸ்டினில் போமைல் தொகுதி உள்ளது. இவ்வகைச் சேர்மத்தின் முப்பரிமாண அமைப்பு 1965இல் மொன்கிரீஃப், லிப்ஸ்கோம் ஆகியோரின் ஊடுகதிர்ப் படிக ஆய்வால் உறுதியாயிற்று.

அமைப்பில் இத்துணைச் சிறிய வேறுபாடு மருத்துவத்தில் பெரிய வேறுபாடாகிறது. வின்பிளாஸ்டின் எலும்பு மச்சையை மிகுதியாக ஒடுக்குவது. ஹொட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் விதைப்பைப் புற்றுநோய்க்கும் பயன்பட்டது. வின்கிறிஸ்டின் மச்சையை அவ்வளவாக ஒடுக்காது. ஆனால் நரம்புகளைத் தாக்கும். பிற மருந்துகளோடு சேர்த்து அளிக்க ஏற்றதாகையால் குழந்தைகளின் கடுங் குருதிப் புற்றுநோய்க்கு அது அடிப்படை மருந்துகளுள் ஒன்றாயிற்று. 1960களின் தொடக்கத்தில் பெரும்பாலும் உயிர் பறித்த அந்நோயிலிருந்து, மருத்துவ வசதி மிக்க நாடுகளில் இன்று பத்துக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். பல மருந்துகளின் கூட்டுச் சிகிச்சையால் விளைந்த இம்மாற்றத்தில் வின்கிறிஸ்டினுக்குத் தொடக்கம் முதலே இடம் உண்டு.

கலம் இரண்டாகப் பிரியும்போது, இரட்டித்த நிறப்புரிகளை இருபுறமும் இழுத்துச் செல்வன நுண்குழாய்கள். அவை டியூபுலின் என்னும் புரதத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு உருவாவன. வின்கா அல்கலாய்டுகள் டியூபுலினைப் பற்றி அவ்வடுக்கு அமையாதவாறு தடுக்கின்றன. பிரியத் தொடங்கிய கலம் இடைவழியில் நின்று மடிகிறது. விரைந்து பிரியும் புற்றுக் கலங்கள் முதலில் பாதிக்கப்படுகின்றன; விரைந்து பிரியும் எலும்பு மச்சைக் கலங்களும் உடன் பாதிக்கப்படுகின்றன. ஆய்வு விலங்குகளை மாய்த்த செயலும் நோயாளிகளைக் காக்கும் செயலும் ஒன்றே. அளவும் வழியும் மட்டுமே வேறு.

5. மீண்டும் மொன்றியல்: இலையின் உள்ளே

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் பெற ஏறத்தாழ 500 கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். வின்கிறிஸ்டின் இலையில் இதனினும் அரிது. செடி தன் விலைமதிப்புள்ள சேர்மத்தை ஏன் இத்துணைச் சிறிதளவே ஆக்குகிறது? இவ்வினாவுக்கான விடையின் ஒரு பெரும்பகுதி மொன்றியலில் கிடைத்தது.

அருட்சகோதரர் மரி-விக்தோரின் 1931இல் நிறுவிய மொன்றியல் தாவரவியற் பூங்காவின் வளாகத்தில், மொன்றியல் பல்கலைக்கழகமும் நகராட்சியும் இணைந்து நடத்தும் தாவர உயிரியல் ஆய்வு நிறுவனம் அமைந்துள்ளது. 1990களில் வின்சென்ஸோ டி லூக்கா தலைமையிலான குழு அங்கு நித்தியகல்யாணியில் விண்டோலின் உருவாகும் வழியை ஆராய்ந்தது. அவ்வழியின் இறுதிக்கு முந்திய படியை இயக்கும் நொதியத்தின் மரபணு 1997இலும், இறுதிப் படிக்கு உரியது 1998இலும் வெளியிடப்பட்டன. நாற்றுகளில் இப்படிகள் நிறைவேற ஒளி வேண்டும் என்பதும் புலனாயிற்று.

1999இல் பெனுவா சான்-பியேர், பெலிப்பே வாஸ்கெஸ்-ஃப்ளோட்டா, டி லூக்கா ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, இலையின் உள்ளே நிகழும் வேலைப் பிரிவினையை வெளிப்படுத்தியது. தொடக்கப் படிகளின் நொதியங்கள் இலையின் மேற்றோற் கலங்களில் உள்ளன. இறுதிப் படிகளின் நொதியங்கள் பாற்கலங்களிலும், அவற்றைப் போன்று தனித்துக் காணப்படும் சிறப்புக் கலங்களிலும் உள்ளன. எனவே இடைநிலைப் பொருள் ஒன்று கலம் விட்டுக் கலம் பெயர வேண்டும். டி லூக்கா பின்னர் ஒன்ராறியோவின் புரொக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கு அவர் குழு 2010இல் மற்றோர் உண்மையைக் கண்டது: கேத்தராந்தின் இலையின் புறத்தே மெழுகுப் படலத்தில் திரள்கிறது, விண்டோலின் இலையின் உள்ளே தங்குகிறது. இரண்டும் சந்திக்கும் வாய்ப்புக் குறைவாதலின் இரட்டை மூலக்கூறும் அரிதாகிறது.

இக்கண்டுபிடிப்புகளால் நடைமுறைச் செய்தி ஒன்றும் தெளிவாயிற்று. செடியின் கலங்களை ஆய்வுக்கூடக் கலன்களில் வளர்த்து மருந்தைப் பெற முயன்றோர் விண்டோலின் உருவாகாமையால் தடைப்பட்டனர். முழுமையாக வளர்ந்த, ஒளி பெற்ற, சிறப்புக் கலங்கள் அமைந்த இலையே அதனை ஆக்க வல்லது. ஆகவே மருந்துத் தொழில் வயலில் விளைந்த இலையை நம்பியிருக்க நேர்ந்தது.

6. கரிசல் நிலத்துப் பயிர்

அவ்விலையை விளைவிக்கும் நிலங்களுள் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்கள் குறிப்பிடத்தக்கன. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம், மதுரை ஆகிய மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி வணிகப் பயிராக விதைக்கப்படுகிறது. சுடுகாட்டு மல்லி என ஒதுக்கப்பட்ட செடி, மழை பொய்த்தாலும் முற்றாகக் கைவிடாத பயிராயிற்று. கால்நடைக்கு அஞ்ச வேண்டுவதில்லை, வேலி வேண்டாம், செலவு குறைவு. விதைத்த சில மாதங்களில் தொடங்கி இலை பறிக்கப்படும். ஓராண்டு அளவில் செடி அகழப்பட்டு வேரும் தண்டும் தனித்தனியே உலர்த்தப்படும். இலையும் வேரும் இடைவணிகர் வழியாக உள்நாட்டு ஆலைகளுக்கும் அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றுக்கும் சென்றுள்ளன.

மானாவாரியில் ஒரு எக்டர் நிலம் ஏறத்தாழ 2 டன் உலர்ந்த இலையும் 0.75 டன் வேரும் தரும் என வேளாண் கையேடுகள் குறிக்கின்றன. முற்கூறிய அளவின்படி 2 டன் இலையிலிருந்து கிடைப்பது 4 கிராம் வின்பிளாஸ்டின் மட்டுமே. வளர்ந்தோர் ஒருவருக்கு ஒரு முறை செலுத்தப்படும் மருந்து 10 மில்லிகிராம் எனக் கொண்டால், ஓர் ஊசிக்கு 5 கிலோகிராம் உலர்ந்த இலை தேவைப்படும். ஓர் எக்டரின் ஓராண்டு உழைப்பு ஏறத்தாழ 400 ஊசிகளாகும். இவ்வரலாற்றில் தமிழ்நிலத்தின் பங்கினை இக்கணக்கே காட்டுகிறது.

இக்கணக்கு மற்றோர் எச்சரிக்கையையும் தருகிறது. சில இலைகளை அரைத்தோ பூக்களைக் கொதிக்கவைத்தோ உண்பது புற்றுநோய்க்கு மருந்தாகாது. அதில் உள்ள மருந்தின் அளவு மிகச் சிறிது. எஞ்சிய நூற்றுக்கு மேற்பட்ட அல்கலாய்டுகள் உடலில் என் செய்யும் என்பது உண்பவர் கையில் இல்லை. நீரிழிவுக்கென இதனை வீட்டு மருந்தாகக் கொள்வோர்க்கும் இது பொருந்தும். மருத்துவமனையில்கூட வின்கிறிஸ்டினைத் தவறுதலாகத் தண்டுவடப் பாய்மத்தில் செலுத்தினால் உயிருக்கு இறுதியாகும்.

7. பயன்பகிர்வு என்னும் வினா

மொன்றியலின் மூன்றாம் தொடர்பு சட்டம் சார்ந்தது. 1992இல் உருவாகி 1993 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த உயிரியற் பல்வகைமை உடன்படிக்கையின் செயலகம் 1996 முதல் இந்நகரில் இயங்குகிறது. மரபணு வளங்களிலிருந்து கிடைக்கும் பயனை வளத்துக்கு உரிய நாட்டோடு நேர்மையாகப் பகிர்தல் அதன் மூன்று நோக்கங்களுள் ஒன்று. இதற்கென வகுக்கப்பட்ட நகோயா நெறிமுறை 2014இல் நடைமுறைக்கு வந்தது. பயன் பகிரப்படாமைக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சுட்டப்படுவது நித்தியகல்யாணியே.

எனினும் இச்செடிக்கு உரியவர் யார் என்பது எளிதில் விடை கூறத்தக்கதன்று. செடி பிறந்தது மடகாஸ்கரில். செய்தி வந்தது ஜமேக்காவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும். கண்டுபிடிப்பு நிகழ்ந்தது கனடாவிலும் அமெரிக்காவிலும். இலையின் ஒரு பகுதி விளைந்தது தமிழ்நாட்டில். மருந்துகளோ உடன்படிக்கைக்கு முப்பது ஆண்டுகள் முந்தியவை. நாடுகளை மட்டும் கருதும் சட்டம், உறையில் இலை அனுப்பிய நோயாளியையும் வெயிலில் இலை பறிக்கும் கூலிப் பெண்ணையும் காண்பதில்லை.

இவ்வினா இன்று விரைவு பெற்றுள்ளது. விண்டோலின், கேத்தராந்தின் வழிகளில் எஞ்சியிருந்த நொதியங்கள் 2018இல் இங்கிலாந்தின் ஜோன் இன்ஸ் மைய ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டன. 2022இல் ஜே கீஸ்லிங் குழுவினர், மரபணு மாற்றிய மதுவத்தில் (ஈஸ்டில்) அவ்விரு சேர்மங்களையும் உருவாக்கி, வேதிமுறையில் இணைத்து வின்பிளாஸ்டின் பெற்றனர். மொன்றியலில் வாசிக்கப்பட்ட மரபணுக்களும் அவ்வழியில் அடங்கும். இம்முறை தொழிலளவில் வெற்றி பெறின் மருந்துத் தட்டுப்பாடு நீங்கக்கூடும். அது நோயாளிக்கு நன்மை. இலைக்கு விலை அற்றுப்போகவும் கூடும்; அந்த இழப்பு மானாவாரி உழவருக்கு உரியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். நித்தியகல்யாணி தமிழ்நிலத்தின் தொல்செடியன்று. அதன் புற்றுநோய் மருந்துகள் பண்டைச் சித்தர் கண்டவையும் அல்ல. நீரிழிவு பற்றிய நாட்டு வழக்கு ஆய்வாளரைச் செடிக்கு வழிகாட்டியது. மொன்றியலில் உருவான ஆய்வுப் பயிற்சி, எதிர்பாராத விளைவைத் தள்ளாமல் ஆராயச் செய்தது. பின்னர் அதே நகரின் தாவர ஆய்வு, இலையின் தேவையை வேதியியல் முறையில் விளக்கியது. அவ்விலையை விளைவித்தவர்களுள் தமிழ்நாட்டுக் கரிசல் உழவரும் அடங்குவர்.

தமிழியல் ஆய்வு செய்யத்தக்கது இரண்டு. முதலாவது, சித்த மருத்துவ நூல்களில் கூறப்படும் மூலிகைகளை, செடியின் பிறப்பிடம், பெயர் வழங்கிய காலம், கூறப்பட்ட குணம், சோதனையில் பெறப்பட்ட சேர்மம் என நான்கு நிலைகளில் தனித்தனியே சோதித்துப் பதிவுசெய்தல். இல்லாத பெருமையை ஏற்றுவது, உள்ள பெருமையையும் ஐயத்துக்கு உள்ளாக்கும். இரண்டாவது, கரிசல் நிலத்தில் இப்பயிர் நுழைந்த காலம், விலைநிலை, கூலி, இடைவணிகர் முறை ஆகியவற்றை, அப்பயிரைச் செய்தோர் வாழுங்காலத்திலேயே அவர்கள் வாய்மொழியாகத் தொகுத்தல். வின்பிளாஸ்டினைக் கண்டறிந்த நோபிள், பியர் இருவரும் 1997இல் கனடிய மருத்துவப் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டனர். இலையை விளைவித்தோரின் வரலாறு இனித்தான் எழுதப்பட வேண்டும்.